நான் காப்பாற்றிய கல்

சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் எங்கள் லைன் ஒழுங்கான லைன் என்று எல்லாரும் புகழ்வார்கள். ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் இருபது வீடும் கயிறு பிடித்தது போல ஒரே நேராக நிற்கும். அந்த ஒழுங்கைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் வருவதற்கு ஓரிரண்டு வருஷம் முன்புவரை அங்கே மூங்கில் தட்டிக் குடிசைகள்தான். வட ஆற்காட்டிலிருந்து மூட்டையோடு வந்தவர்கள் இஷ்டப்பட்ட பக்கம் வாசல் வைத்துக்கொண்டார்கள். எங்கள் குடிசைக்குப் பின்னால் பூசணிக்காய் அளவில் ஒரு கல் இருந்தது. எனக்கு முன் பிறந்த அண்ணன் ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போனானாம். பச்சைக் குழந்தையை எரிக்கமாட்டார்கள். வீட்டை ஒட்டியே புதைத்து, மேலே அந்தக் கல்லை வைத்திருந்தார்கள். இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது எனக்கு ஏழு வயது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதற்கு மஞ்சள் பூசி விளக்கு வைப்பாள். இன்னா அது என்று கேட்டதற்கு, "சாமி" என்றாள். அவ்வளவுதான்.

குடிசைகளைப் பிரித்துவிட்டு வரிசையாக லைன் கட்ட உத்தரவு வந்தது. முடியும்வரை மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு கொட்டகையில் எங்களை இருக்கச் சொன்னார்கள். அப்பா மேஸ்திரியைத் தேடிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம்.

"பின்னாடி ஒரு கல்லு கீதுங்க மேஸ்திரி. அத்தச் சுத்தி நாலடி மட்டும் உட்டுடுங்க."

"இன்னா கல்லுய்யா?"

"சாமிங்க."

உண்மையைச் சொன்னால் தோண்டி எடுத்துப் போகச் சொல்வார்களே என்ற பயம். மேஸ்திரி சாமிக்குப் பயந்தவர். சத்தியமே செய்துகொடுத்தார். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியவர்கள் பேச்சில் பிள்ளைகளுக்கு என்ன வேலை!

நான் கண்டது, லைன் கட்டத் தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு மட்டும். அது நேராகக் கல்லில் போய் முட்டியது. சாமியைப் பெயர்த்து எறிந்துவிடப் போகிறார்கள் என்று அழுகை வந்தது. கிளம்புகிற அன்று, அம்மா உள்ளே பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கல்லை உருட்டிக்கொண்டுபோய் இருபதடி தள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். விரல் நசுங்கி ரத்தம் வந்தது. சத்தம் போடவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி.

மேஸ்திரி வாக்குத் தவறவில்லை. இன்றுவரை என்னால் பொறுக்க முடியாதது அதுதான். நாங்கள் திரும்பி வந்தபோது, வேப்பமரத்தடியில் கல்லைச் சுற்றி நாலடி விட்டு, செங்கல் வேறு அடுக்கியிருந்தார். கல் முன்பு இருந்த இடத்தில் பள்ளம் தோண்டி, இருபது வீட்டுக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ் கட்டியிருந்தார்கள்.

அம்மா கல்லைப் பார்த்தாள். கக்கூஸைப் பார்த்தாள். "கல்ல யாரு நவுத்துனது?"

"நான்தாம்மா! தூக்கிப் போட்டுடுவாங்கன்னு நான்தான் காப்பாத்துனேன்" என்று நசுங்கிய விரலை நீட்டினேன். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அந்தக் கக்கூஸ் பக்கம் அம்மா ஒருநாளும் போனதில்லை. மழையானாலும் விடிகாலையில் சொம்போடு மண்மேட்டைத் தாண்டி நடப்பாள். திமிர் பிடித்தவள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் தினமும் அங்கேதான் போனேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா மஞ்சளைத் தொடவில்லை. சாமிக்கு விளக்கு வைக்கவில்லையா என்று ஞாபகப்படுத்தினேன்.

"அது உன் சாமி. நீயே வெச்சிக்கோ."

வைத்தேன். கல்யாணமாகிப் பங்காருபேட்டைக்குப் போகும்வரை ஒரு வெள்ளிகூடத் தவறாமல் வைத்தேன். அம்மா ஒருதரம்கூட எட்டிப் பார்க்கவில்லை. சாமிக்கு அவள்மேல் கோபம் வந்துவிடுமே என்று பயந்து, அவளுக்காகவும் சேர்த்து அந்த வெறும் கல்லிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.