மூணாம் ஸ்டாண்டர்டு எண்ணெய்

ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று செங்கம் ரோட்டில் மூன்று மாடியாக நிற்கிற மொத்த வியாபாரக் கட்டடம் என்னுடையது. எம்.பி.ஏ. படித்த இரண்டு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். சின்ன வயதிலேயே எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு உண்டு.

தொண்ணூறாம் வருஷம் வாக்கில் மலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் அப்பா செக்கும் எண்ணெய்க் கடையும் வைத்திருந்தார். மல்லாட்டைக் கடலையை ஆட்டி, இரண்டு நாள் தெளியவிட்டுத்தான் விற்பார். ஒரு நாள் பாக்கெட் எண்ணெய்க் கம்பெனி ஏஜெண்ட் வந்தார்.

"நம்ம பாக்கெட்ட வாங்கி அடுக்குங்க, ஒரு தொல்லையும் இருக்காது."

"இப்ப எனக்கு என்னய்யா தொல்ல?" என்று அப்பா சிரித்தார்.

தொல்லை அடுத்த வாரமே வந்தது. உணவு இன்ஸ்பெக்டர் மூன்று பாட்டிலில் எண்ணெய் பிடித்து, அரக்கு வைத்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிப் போனார். அப்பாவின் கையெழுத்து எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்கும். பின்னால் தபாலில் வந்த இங்கிலீஷ் காகிதத்தைப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் படித்துச் சொன்னார். "ஸ்டாண்டர்டு கம்மின்னு போட்டிருக்குங்க. கேஸ் ஆனா கடைய மூடணும்."

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அப்பா படித்தது மூணாம் ஸ்டாண்டர்டு. கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள்!

மறுநாள் அப்பாவோடு ஆபீசுக்கு நானும் போனேன். அதே ஏஜெண்ட் இன்ஸ்பெக்டருக்கு எதிர் நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றோம். அப்பா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சார், எங்கப்பா மூணாவதுதான். நான் அஞ்சாவது ஸ்டாண்டர்டு. நான் வேணா கையெழுத்து போடறேன்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"டேய், ஸ்டாண்டர்டு எண்ணெய்க்குடா. கலர் இவ்ளோ, அமிலம் இவ்ளோன்னு மேல வெச்சிருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மேலன்னா, மலைமேலயா சார்?"

ஏஜெண்டுக்குப் புரையேறியது. "இல்ல தம்பி, டில்லியில. எங்க முதலாளிங்கல்லாம் கூட உக்காந்து பேசித்தான் வெச்சாங்க" என்று சொல்லி, கம்பெனி பேர் போட்ட பென்சில் டப்பா ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "பாக்கெட்ட எப்ப அனுப்புவீங்க?" என்று கேட்டார்.

கேஸ் வரவில்லை. செக்கு நின்றது. கம்பெனியே கடைக்கு இலவசமாகப் பெயர்ப்பலகை மாட்டியது. நாங்கள் பெரிய ஆளாகிவிட்டோம் என்று வகுப்பில் மார்தட்டினேன்.

கடை நிறைய பாக்கெட் இருந்தும், வீட்டுச் சமையலுக்கு அப்பா கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறிப்போய், தூக்குவாளியில் செக்கெண்ணெய் வாங்கிவருவார். ஊருக்குள் நுழையும்போது வாளிமேல் துண்டைப் போட்டுக்கொள்வார்.

"மூடிதான் இருக்கே, துண்டு எதுக்குப்பா?"

"தூசிடா" என்றார்.

தூசிக்குத்தான் என்று நானும் நம்பிக்கொண்டு கூடவே நடந்தேன்.