கஞ்சி போட்ட காற்றுப் பை

இதில் ஒரு வரிகூட என் கற்பனை இல்லை. கற்பனை செய்திருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருப்பேன்.

போன ஆடி மாதம். மாகறல் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு தனியார் ஓடுதளத்தில் நான் இரவுக் காவலாளி. காலேஜைப் பாதியில் விட்டவனுக்கு அதுதான் கிடைத்தது. அங்கே கம்பத்தில் நீளமான துணிப் பை ஒன்று பறக்கும். காற்று போகும் பக்கம் திரும்பும். அதைப் பார்த்துத்தான் சின்ன விமானங்கள் இறங்கும். அது கிழிந்துவிட்டது. மேனேஜர் விமல்ராஜ் புதிது வாங்கவில்லை.

"நெசவு வூட்டுப் பையன்தானேபா, நீயே தச்சி மாட்டு."

தைத்தேன். நூல் பிரியக் கூடாதென்று, நெசவில் பாவு நூலுக்குப் போடுவதுபோல் கஞ்சி போட்டேன். தறியில் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினேன். எங்கள் கைக்கு இறுக்கம்தான் தெரியும். பை விறைத்துக் கிழக்கே நீட்டிக்கொண்டு நின்றது. எந்தக் காற்றுக்கும் திரும்பவில்லை.

"கல்யாணப் பொண்ணு முந்தானை கணக்கா இருக்குதே!" என்று சிரித்தார் விமல்ராஜ்.

மூன்றாம் நாள் மாலை 5.20. நான் வேலைக்கு அப்போதுதான் வந்திருந்தேன். அங்கே ஓட்டக் கற்றுக்கொள்ளும் சம்யுக்தா தனியாக ஓட்டி வந்தாள். இருபத்தொரு வயது. பையை நம்பி, காற்று நேர் எதிரே வருகிறது என்று இறங்கினாள். காற்று தெற்கிலிருந்து குறுக்கே அடித்தது. ஒரு இறக்கை தூக்கியது... விமானம் புரண்டது.

நான் கம்பத்தில் ஏறினேன். பையைக் கழற்றி, காவல் அறைக் கட்டிலுக்கு அடியில் திணித்தேன். முதலில் செய்தது அதைத்தான்.

ராத்திரி எட்டு மணிக்கு, மார்ச்சுவரியில் அவள் உடலைப் பார்த்துவிட்டு, அவள் அப்பா தர்மதாஸ் வந்தார்.

"எம் பொண்ணு தப்பா எறக்கிட்டாள்னு சொல்றாங்க. நீ பாத்துக்கினு இருந்தியே... அவ தப்பாபா?"

"தெரியாது சார்."

அவரை அனுப்பிவிட்டு, அதே கட்டிலில் போய்ப் படுத்தேன்.

விடியற்காலை 3.10. நாற்றம். புளித்த கஞ்சியும் பெட்ரோலும் கலந்த நாற்றம். காய்ந்த துணி எப்படிப் புளிக்கும்?

3.25. கட்டிலுக்கு அடியில்... பட். பட். பட்.

ஜன்னல் மூடியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை.

பையை இழுத்தேன். ஈரம். வெதுவெதுப்பு. உள்ளே யாரோ வாந்தி எடுத்ததுபோல் கொழகொழவென்று கையில் ஒட்டியது.

மெல்ல உப்பியது...

எழுந்தது.

என் பக்கம் திரும்பியது.

நகர்ந்தேன். அதுவும் நகர்ந்தது.

செல்போன் கட்டிலில் கிடந்தது. எடுக்கவில்லை. ஓடினேன்.

3.40க்கு மெயின் ரோட்டில், கந்தன் டீக்கடை வாசலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கடைக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இன்னாபா, ஓவரா குடிச்சிட்டியா?" என்று தண்ணீர் தந்தான் கந்தன்.

வேலைக்குத் திரும்பவில்லை. விபத்து நடந்த ஐந்தாம் நாள் விசாரணை அதிகாரி கூப்பிட்டார். அப்போதும் பொய்தான் வந்தது.

"எனக்கு ஒன்னும் தெரியாது சார்."

அவர் முறைத்தார். "அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணிச் சொல்லிட்டியேபா. அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு எழுதியாச்சு."

பதிவைப் போட்டார். என் நம்பர். நேரம் 3.40. குரலும் என்னுடையதுதான்.

"பை கிழக்கே காட்டுச்சு. நம்பித்தான் எறக்கினேன்... பெல்ட்டைக் கழட்ட முடியல. அவன் கம்பத்துல ஏறிக்கினு இருந்தான். அண்ணா, அண்ணான்னு கூப்டேன்... திரும்பியே பாக்கல."