தலையிடிச் சாமிக்கு இரண்டு மணித்தியாலம்

ஒவ்வொரு ஆவணியிலும் இல்ஃபோர்டிலிருந்து எங்கள் பஸ் பாரிசுக்குப் புறப்படும். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பிள்ளையார் தேர். தேரைச் சாட்டிச் சேலைக் கடை, நகைக் கடை. திரும்பும் வழியில் ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் நின்று ஒரு படம். லண்டன் தமிழருக்குப் பிரான்ஸ் என்றால் இவ்வளவுதான். நானும் அதே பஸ்ஸில் நாலு முறை போய் இரண்டு பை நிறையச் சேலையோடு வந்தவள், ஆகவே யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பயணத்தை ஒழுங்கு செய்பவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் மலேசியா அக்கா. படிக்க வந்து, கணக்காய்வாளராக வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டார். போன வருடம் வாசலில் வைத்து என்னைப் பிடித்தார்.

"நீங்க பதினொரு வருஷம் பிரான்ஸ்ல இருந்தவங்கதானே? இந்தத் தடவை ஏதாவது சரித்திர இடம் ஒண்ணு பார்க்கணும்னு நினைக்கிறேன். எங்க போகலாம்னு நீங்களே கூட்டத்துல வந்து பேசுங்க."

"ஓமக்கா, அதுக்கென்ன!" என்று சொல்லிவிட்டேன். மூளை விழிப்பதற்குள் வாய் முந்திக்கொள்வது என் பழைய வியாதி.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னதும் சிரி சிரியென்று சிரித்தார். "நீர் சரித்திரம் சொல்லப் போறீரோ? பிரான்சில நீர் கண்டது வாளியும் மொப்பும்தானே!"

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அது உண்மை. மொன்மார்த்ர் குன்றில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கினேன். நாங்கள் குடியிருந்தது பாரிசுக்கு வடக்கே சென் தெனியில், பெரிய தேவாலயத்திலிருந்து ஐந்து நிமிட நடை. நான் வேலை முடிந்து வரும்போது இவர் பேக்கரிக்குப் போயிருப்பார். என் வாழ்வில் பதினொரு வருடம் அழுக்குத் தண்ணீரோடு போய்விட்டதா? அப்படி இல்லை என்று எனக்கே நிரூபிக்க வேண்டியிருந்தது. கூட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம், ஆறு கிழமை இருந்தது.

நூலகத்துக்கு ஓடினேன். முதல் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. நான் மரக்கறி வாங்கிய சந்தைக்கு முன்னால் நின்ற அந்தத் தேவாலயத்துக்குள்தான் பிரான்சின் ராசாக்களில் ஏறக்குறைய எல்லாரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்! ஒருவர் இருவர் இல்லை, வரிசை வரிசையாக. சலவைக்கல்லில் ராணிகள் படுத்திருக்க, காலடியில் கல் நாய்க்குட்டிகள். புரட்சி வந்தபோது கல்லறைகளைத் திறந்து எலும்புகளை அள்ளிக் குழியில் கொட்டினார்களாம். பிறகு தோண்டி எடுத்தபோது எது எந்த ராசா என்று பிரிக்க முடியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகவே வைத்தார்களாம். ரயிலில் இதை வாசித்துக்கொண்டிருந்து இல்ஃபோர்டில் இறங்க மறந்து, செவன் கிங்ஸ் என்ற அடுத்த ஸ்டேஷனில் போய் இறங்கினேன். ஏழு ராசாக்கள் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

பித்துப் பிடித்த மாதிரித்தான் இருந்தது. நான் இப்போது வேலை செய்வது டவர் ஹில்லில், ஒரு அலுவலகக் கன்டீனில். தினமும் கடந்துபோகும் லண்டன் டவரின் வெள்ளைக் கோபுரத்துக்குப் பிரான்சின் நோர்மண்டியிலிருந்து கப்பலில் கல் கொண்டுவந்தார்கள் என்று இன்னொரு புத்தகம் சொன்னது. மத்தியான இடைவேளையில் ஏப்ரனோடு ஓடிப்போய் மதிலுக்கு வெளியே நின்று அந்த வெளிறிய மூலைக் கற்களை வாய் பிளந்து பார்த்தேன். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கிறேன், இங்கேயும் அப்படித்தான். என் மேல் எனக்கே கோபம் வந்தது.

இனி அந்தத் தலையிடிச் சாமியின் கதை. சென் தெனித் தேவாலயத்தில் கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல், தன் தலையைத் தானே இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கும் ஒரு கற்சாமி உண்டு. எனக்கு அந்தக் காலத்தில் மண்டையைப் பிளக்கும் தலையிடி. ஊரில் சைவக்காரரும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவது வழக்கம்தானே. இவ்வளவு கவனமாகத் தலையைப் பிடித்திருப்பவருக்குத் தலையிடியின் வேதனை தெரியாமல் இருக்குமா என்று நானே தீர்மானித்து, வெள்ளிக்கிழமைகளில் திரி கொளுத்தத் தொடங்கினேன். புதிதாக வந்த தமிழ்ப் பெண்களுக்கும் சொல்லிவிட்டேன். அவர்களும் கொளுத்தினார்கள்.

"வெட்டுப்பட்ட தலைக்கு இனி என்னப்பா இடி?" என்று இவர் கேலி செய்தார். பிறகு எனக்கும் வெட்கமாகிவிட்டது. லண்டன் வந்த பிறகு ஒருவரிடமும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

ஐந்தாவது கிழமை, புனிதர்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். மொன்மார்த்ரில் தலையை வெட்டினார்களாம். அவர் விழவில்லையாம். தலையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தாராம், அவர் விழுந்து அடங்கிய இடத்தில்தான் தேவாலயம் எழும்பியதாம். கடைசி வரியில் இருந்தது அது: தலையிடிக்காரர்கள் பல நூறு வருடங்களாக அவரிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள்!

"பாத்தீங்களா!" என்று நூலகம் அதிரக் கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் கணினியைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போனார்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், வாடகை மண்டபத்தில். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். இவர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேலைக் கடை நேரத்தில் இரண்டு மணித்தியாலத்தைக் குறைத்துச் சென் தெனிக்குப் போவதா இல்லையா, கை தூக்கச் சொல்வேன் என்றார் மலேசியா அக்கா. நான் ஒன்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே பார்க்கிங் என்ற பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு அம்மா கையை உயர்த்தினார்.

"குறை நினையாதையும் பிள்ளை. செத்த ராசாக்களைப் பாக்கவே நான் பாரிசுக்கு வாறன்? அந்த நேரத்தில நாலு கடை ஏறி இறங்கலாமெல்லே?"

மண்டபம் சிரித்தது. எனக்குக் காது சூடாகியது. தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெட்கத்தை விட்டேன். தலையிடியையும் மெழுகுதிரியையும் சொன்னேன். தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தவரைச் சொன்னேன். பிறகு, புத்தகத்தில் இல்லாத ஒன்றும் தானாக வாயில் வந்தது.

"அவர் நடந்த வழியால நானும் நடந்திருக்கிறன். ஒரு மார்கழியில கிறேவ், வேலைநிறுத்தம் எண்டு மெட்ரோவும் இல்லை, பஸ்ஸும் இல்லை. லீவு கேட்டால் வேலை போயிடும். மொன்மார்த்ரில அறை துடைச்சுப்போட்டு, லா சப்பல் தாண்டி, சென் தெனி மட்டும் நடை. தலையிடி தாங்கேலாமல் ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தன். ஆரும் பாத்திருந்தால் அந்தச் சாமி திரும்பி வருகுதெண்டு நினைச்சிருப்பினம்."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பார்க்கிங் அம்மா மெதுவாகக் கேட்டார், "எனக்கும் இருவது வருஷமாத் தலையிடி. திரி அங்க வாங்கலாமோ, இஞ்சயிருந்து கொண்டு போகோணுமோ?"

"வாங்கலாம் அம்மா. அங்கயே வாங்கலாம்."

அவர் கை தூக்கினார். பிறகு எத்தனை கை என்று எண்ணவே தேவையிருக்கவில்லை. எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. கடைசி வரிசையைப் பார்த்தேன். இவர் கை தூக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும்போது காரில் நான்தான் விடாமல் பேசிக்கொண்டு வந்தேன். நாய்க்குட்டிகளைப் பார்ப்பேன், அந்தக் காலத்தில் யாருடையவை என்றே கேளாமல், டிக்கெட் எடுக்க மனம் வராமல் திரும்பி வந்த கல்லறைகளை இந்த முறை பார்க்காமல் விடமாட்டேன் என்றேன். சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"அந்தக் கிறேவுக்கு ஹோட்டல்காரர் கார் அனுப்பினவங்கள் எண்டெல்லோ நீர் அப்ப சொன்னனீர்," என்றார்.

பேக்கரியில் அடுப்புக்கு முன்னால் நிற்கிற மனுசனுக்கு வேறு கவலை எதற்கு என்று அன்று சொன்ன பொய். நான் மறந்தே போயிருந்தேன்.

"எத்தினை நாள் நடந்தனீர்?"

"மூண்டு கிழமை இருக்கும்."

விளக்குப் பச்சையாகியும் அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"அக்காவுக்குப் போன் அடிச்சுச் சொல்லும்," என்றார், "ரெண்டு மணித்தியாலம் போதாதாம் எண்டு."