திண்டிவனத்தின் பெண் குரல்

ஓர் ஊர் ஒரு மனிதனைத் தன் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தால், அந்தப் பெருமைக்காக அவன் எவ்வளவு தூரம் போக வேண்டும்? அப்பாதுரையின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அவர் மனைவி வீரம்மாளுக்கு அது இவ்வளவு திருத்தமாக எழவில்லை. ‘இந்த ஊரு இவர இன்னா பண்ணி உடப்போவுதோ’ என்ற அளவில்தான் அவள் மனதில் கிடந்தது.

அந்த நாளில் வெளியூர்க்காரர்களுக்குத் திண்டிவனம் என்றால் பஸ் நின்று டீ குடிக்கும் இடம். விழுப்புரம் என்றால் ரயில் மாறும் இடம். ஒன்றை ஒன்று மட்டம் தட்டிக்கொள்ள இரண்டு ஊருக்கும் அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை. அப்பாதுரை திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஆள் கூப்பிடுகிறவர். “மெட்ராஸ், மெட்ராஸ், மெட்ராஸேய்” என்று அவர் இழுத்தால், எதிர்ச் சாரியில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவான். அந்தக் குரலில்தான் குடும்பம் நடந்தது. வீரம்மாள் ஜைன வியாபாரி பார்சுவநாத்தின் கடலை மண்டியில் மல்லாட்டை உடைத்தாள்.

பாட்டு பிறகு வந்தது. மைக் செட் வைத்திருந்த கோதண்டபாணி ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்தபோது, பஸ் நிலையத்தில் கேட்ட தொண்டையை நம்பி இவரைச் சேர்த்துக்கொண்டார். ஒலக்கூரில் ஓர் ஆடித் திருவிழாவுக்கு மெட்ராஸிலிருந்து வரவேண்டிய பாடகி வரவில்லை. கூட்டமோ ஜோடிப் பாட்டு கேட்டுக் கத்தியது. அப்பாதுரை ஆணின் வரியைப் பாடினார். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு பெண்ணின் வரியையும் தானே பாடினார். எந்தப் பெண் ஒளிந்திருக்கிறாள் என்று பார்க்க நாலைந்து பேர் மேடைக்குப் பின்னால் ஓடினார்கள்.

அது மகத்தான சங்கீதம் என்று சொல்ல முடியாது. சினிமாவில் பாடியவர்களைப் போலவே பாடுவதுதான் அதன் குறிக்கோள். “அப்படியே ரெக்கார்டு மாதிரி கீதுப்பா” என்பதற்கு மேல் அதற்குப் பாராட்டும் கிடையாது. ஆனால் அவருடைய கேசட்டு ஓடாத டீக்கடை அந்த வட்டாரத்தில் இல்லை என்று ஆயிற்று. ஒருமுறை பார்சுவநாத் சேலம் போய்த் திரும்பியவர், மண்டியின் நடுவில் நின்றுகொண்டு எல்லோரும் கேட்கச் சொன்னார்: “லாட்ஜ்ல ஊரு இன்னான்னான். திண்டிவனம்னேன். அந்தாளு எழுந்து நின்னு, ‘ரெண்டு கொரல் அப்பாதுரை ஊருங்களா?’ன்றான்! இத்தினி வருசமா யாவாரம் பண்ணிக்கினு கீறேன், என்னப் பாத்து எவனும் எழுந்ததில்ல. இன்னாம்மா வீரம்மா, உன் வூட்டுக்காரரு எங்க எல்லாத்துக்கும் ஒரு வெலாசம் குடுத்துட்டாரு.”

வீரம்மாள் முகத்தில் படிந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எண்பத்தாறாம் வருஷம் அப்பாதுரையின் குரல் காலை நேரத்தில் கரகரக்கத் தொடங்கியது. பிறகு பகலிலும். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். “மூணு மாசம் பேசவே கூடாது. அப்புறம் பேசலாம், ஆள் கூப்பிடலாம். அந்தப் பொம்பளக் குரல் மட்டும் இனிமே வேணாம். அதுக்குத் தொண்டையை ரொம்ப இறுக்குறீங்க. மறுபடி பாடினா உள்ள குரலும் போயிடும்.” திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாதுரை வீரம்மாளின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார்; வாயைத் திறக்காமல்.

சத்தியத்தைக் கெடுக்க ஊரின் அன்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. செய்தி பரவியதும் பனங்கற்கண்டும் சித்தரத்தையும் ஆடாதொடை இலையுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

“இப்ப எப்டி கீது அண்ணே? ஒரு வார்த்த பேசிக் காட்டுங்களேன்.”

“பேசக் கூடாதுன்னுதான டாக்டர் சொல்லிக்கீறாரு” என்பாள் வீரம்மாள்.

“பேச வேணாம்மா. ‘வாங்க’ன்னு ஒரு சொல்லு. மருந்து புடிச்சிதா, இல்லியான்னு அதுலயே தெரிஞ்சிடும்.”

வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருக்க அப்பாதுரையால் முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒருமுறை சொன்னார். வருகிறவர்கள் குறையவில்லை. கடைசியில் வீரம்மாள் விடிந்ததும் கஞ்சியைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்து அவரை ஏரிக்கரைக்கு அனுப்பிவிட்டாள். “வூட்டுல கீறதுதான் உங்களுக்குப் பேஜாரு. பொழுது சாஞ்சி வாங்க.” கரையில் தனியே உட்கார்ந்து உட்கார்ந்து, தொண்டை கொஞ்சம் தேறியது.

அந்த நேரத்தில்தான் விழுப்புரத்தில் போட்டிக் கச்சேரி வந்தது. ஒரே மைதானத்தில் எதிரெதிராக இரண்டு மேடை. ஒன்றில் விழுப்புரம் குழு, ஒன்றில் திண்டிவனம் குழு. கோதண்டபாணி யாரையும் கேட்காமல் அப்பாதுரையின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுப் போஸ்டர் ஒட்டிவிட்டார். ஒட்டிய பிறகு பார்சுவநாத்தையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“யாரக் கேட்டு ஒட்னீங்கண்ணே?” என்றாள் வீரம்மாள்.

“ஊரே கேக்குதும்மா.”

“ஊரு கேக்கும். கொரலு போனா ஊரா வந்து மெட்ராஸ் பஸ்ஸுக்கு ஆள் கூப்புடப்போவுது?”

பார்சுவநாத் மெதுவாகப் பேசினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. “விழுப்புரத்தான் இன்னா சொல்லிக்கினு திரியறான் தெரியுமா? பொம்பள கெடைக்காம ஆம்பளையப் பாட வெச்ச ஊருன்றான். நாம போவலன்னு வெச்சிக்கோ, அந்தப் பேரே நெலச்சிடும்.”

“அதுக்கு இவரு தொண்டைதான் கெடைச்சிதா மொதலாளி?”

“தொண்டையே வேணாம்!” என்றார் கோதண்டபாணி. “பனமலையில பாடுனது கேசட்டுல சுத்தமா கீது. விசிலுகூட ரெண்டே எடத்துலதான். அத ஆம்ப்ளிஃபையர்ல போட்டுடறேன். பசங்க வாசிக்கிற மாதிரி கைய ஆட்டுவாங்க, இவரு வாய அசச்சா போதும். இருட்டுல எவனுக்குத் தெரியும்?”

வீரம்மாள் யோசித்தாள். குரலும் போகாது, ஊரும் நச்சரிக்காது. இதைவிட நல்ல வழி அவளுக்குத் தோன்றவில்லை.

“வாய அசைக்கிறது மட்டும்தான?”

“மாரியாத்தா மேல சத்தியம்.”

அவள் கணவனைப் பார்த்தாள். அப்பாதுரை சரி என்று தலையாட்டினார்.

திண்டிவனத்திலிருந்து லாரிகளில் ஆட்கள் போனார்கள். இருட்டிய பிறகு சாப்பிடாத பார்சுவநாத் வெயில் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு முதல் லாரியில் ஏறினார். வீரம்மாள் மேடைக்குப் பக்கத்தில் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். விழுப்புரம் குழுவில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். பக்கத்திலிருந்த விழுப்புரத்துக்காரி இவளைப் பார்த்து, “எங்க ஊர்ல பொம்பளயே பாடுவா” என்று சிரித்தாள்.

விளக்குகள் எரியத் தொடங்கியபோது திண்டிவனத்தின் முறை வந்தது. கேசட்டு ஓடியது. அப்பாதுரை மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தார். கூட்டத்தில் யாரோ வழக்கம்போல, “அப்படியே ரெக்கார்டு மாதிரி கீது!” என்று கத்தினார்கள். பாட்டு முடிந்ததும் எதிர் மேடைக்காரர்களும் கை தட்டினார்கள். விழுப்புரத்துக்காரியின் சிரிப்பு நின்றது. வீரம்மாளுக்கு மூச்சு வந்தது. இன்னும் இரண்டு பாட்டு. பிறகு வீட்டுக்குப் போய்விடலாம்.

அடுத்த பாட்டு தொடங்கியது. ஆணின் வரி முடிகிற இடத்தில் அப்பாதுரை கோதண்டபாணியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். சத்தம் பற்றவில்லை என்கிறார் போலும் என்று நினைத்துக் கோதண்டபாணி கூட்டி வைத்தார். அப்பாதுரை மைக்கை விட்டு நகர்ந்து போய், டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். மேடையில் கையாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வீரம்மாள் எழுந்துவிட்டாள். “ஏங்க!” என்று அவள் போட்ட சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அவர் திரும்பி வந்து பெண்ணின் வரியைப் பாடினார். தபேலா தட்டுத்தடுமாறிப் பின்னால் வந்து சேர்ந்தது. அந்தக் குரல் ரெக்கார்டைப் போல இல்லை. சினிமாவில் பாடிய எந்தப் பெண்ணையும் போல இல்லை. பிசிறு தட்டி, மேலே போகும்போது அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தது. யாரும் கை தட்டவில்லை, யாரும் கூச்சல் போடவும் இல்லை. ஆணின் வரிகள் வந்த இடங்களில் சும்மா நின்றார். பெண்ணின் வரிகளை மட்டும் கடைசிவரை பாடி முடித்தார்.

டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. பஸ் நிலையத்துக்கு வேறு ஆள் வந்தான். அப்பாதுரை பார்சுவநாத்தின் மண்டியில் மூட்டை தைத்தார். பேசினால் காற்றுதான் வந்தது; அருகில் போய்க் காதைக் கொடுத்தால் புரியும். திண்டிவனத்தில் பாதிப் பேர் அவர் ஊர் மானத்தைக் காத்தார் என்றார்கள். பாதிப் பேர் ஜெயித்த கச்சேரியைக் கெடுத்தார் என்றார்கள்.

“வாய அசச்சாலே போதுமா இருந்திச்சே. ஒயர ஏன் புடுங்கினீங்க?” என்று வீரம்மாள் கேட்டுக் காதைக் கொடுத்தாள். பல தடவை கொடுத்திருக்கிறாள். அவரால் பேச முடியாமல் இல்லை. மற்றதையெல்லாம் அந்தக் காதில் சொல்லத்தான் செய்தார். இதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.