வட்டி நாள் கறி

வேலையிலிருந்து வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகன் கைபேசியை நீட்டினான். ஏதோ கம்பெனியின் கடன் பத்திரம், பேங்கைவிட இரண்டு மடங்கு வட்டி. "போடட்டாப்பா?" அடுத்த வீட்டிலிருந்து கறி கொதிக்கும் வாசனை வந்தது.

சின்ன வயதில், எங்கள் நெல்லித்தோப்பு வீட்டில் அது வட்டி நாளின் வாசனை. மில் வேலையில் சேர்த்ததையெல்லாம் என் அப்பா இப்படியொரு பத்திரத்தில்தான் போட்டிருந்தார். வட்டி வாங்கியதும் நேராகக் கறிக்கடைக்குப் போவார்.

"பேங்கு தராதத இவன் எப்படிங்க தர்றான்?" என்று மசாலா அரைத்தபடி அம்மா கேட்பாள்.

"மாசாமாசம் கரெக்டா வருதில்ல."

ஒரு மாதம் வெறுங்கையோடு வந்தார். "கம்பெனியப் பூட்டிட்டுப் போயிட்டான்." முதலும் போயிற்று. அரைத்து வைத்த மசாலாவை அம்மா உருளைக்கிழங்கில் போட்டாள்.

"பத்திரம்னா நாம குடுக்கிற கடன்டா. வாங்குறவனால முதலத் திருப்பித் தர முடியுமான்னு பாரு. வட்டிய அப்புறம் பாக்கலாம்" என்றேன் மகனிடம்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாசாமாசம் கரெக்டா வருதாம்ப்பா."