அண்ணி சொன்ன பூச்சு

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்றதும் எல்லாருக்கும் வாய் முளைத்துவிட்டது. வெளிச்சுவருக்கு மஞ்சள் என்றார் அப்பா. கூடத்துக்குப் பச்சை என்றான் அண்ணன். மாடியறைக்கு நீலம்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அண்ணியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"பளபளப்பு வேணுமா, மினுங்காத மேட் போதுமா?" என்றார் பெயிண்டர்.

"அதை அவகிட்ட கேளுங்க. சுவர் துடைக்கிறவ அவதானே!" என்றான் அண்ணன்.

அண்ணி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். "மேட் அடிச்சா என்ன ஆகும்?"

"பார்க்க அழகா இருக்கும். ஆனா துடைச்சா பெயிண்டும் கூடவே வந்துடும்மா."

"அப்ப வீடு முழுக்க அதையே அடிங்க."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "அவ கிடக்கா. நீங்க பளபளன்னே அடிங்க."

அண்ணி உள்ளே போனாள். துடைக்கும் துணிக்காக அவள் பழைய சேலையைக் கிழிக்கும் சத்தம் கூடம் வரை கேட்டது.