கண் டாக்டரிடம் பிட் அடித்த கதை

மூன்று மாதத்துக்கு முன்னால் இரண்டு வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. ‘சார், என்ன ஆச்சு?’ என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ‘சொந்த வேலை’ என்று சமாளித்தேன். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... பிட் அடித்து மாட்டிக்கொண்டேன்.

தாம்பரத்தில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பரீட்சை ஹாலில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே பையன்கள் பிட்டை வாயில் போட்டு விழுங்கிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவன் மாட்டியது கண் டாக்டரிடம். மாட்டிவிட்டது என் மனைவி எஸ்தர்.

எனக்கு க்ளாகோமா. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை மெல்ல மெல்ல அரிக்கும் நோய். எனக்கு வலியே இல்லை. நேரே பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது. ஓரப் பார்வைதான் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் இடது பக்கமாக வந்த ஷேர் ஆட்டோக்காரரைப் பார்த்து, “கண்ணு தெரியலையாப்பா?” என்று கத்தியிருக்கிறேன். தெரியாதது யாருக்கு என்று அப்புறம்தான் புரிந்தது.

தினமும் ஒரு சொட்டு மருந்து. டாக்டரம்மா சொன்னது அவ்வளவுதான். போட்டேனா? போட்டேன் — செக்கப்புக்கு நாலு நாள் இருக்கும்போது மட்டும். பரீட்சைக்கு முந்தின வாரம் புத்தகத்தைத் திறக்கும் பையன் மாதிரி. கண் பிரஷர் நார்மல் என்று வரும். “வெரி குட் சார்” என்பார். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொள்வேன்.

இன்னொரு டெஸ்ட் உண்டு. ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, அங்கங்கே புள்ளியாக வெளிச்சம் தெரியும்போது பட்டனை அமுக்க வேண்டும். அதிலும் குத்துமதிப்பாக அமுக்கித் தள்ளினேன். “சார், லைட்டே வராதப்பவும் அமுக்குறீங்க” என்றது டெஸ்ட் எடுத்த பெண். மறுபடி எடுத்தார்கள்.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு நெற்றி சுருங்கியது. “பிரஷர் நல்லா இருக்கு. ஆனா இடது கண்ணுல பார்வை குறைஞ்சுட்டே போகுது. மருந்து தவறாம போடுறீங்கல்ல?”

“தவறாம” என்றேன்.

எஸ்தர் கைப்பையைத் திறந்து மருந்துப் புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எங்கள் வீட்டில் சாம்பார் பொடி, ஊறுகாய் எதுவானாலும் திறந்த தேதியை மார்க்கரில் எழுதிவிடுவாள். இதிலும் எழுதியிருந்தாள். திறந்து ஒரு மாதத்தில் தூக்கிப்போட வேண்டிய புட்டி. அதன் மேலிருந்த தேதிக்கு வயது ஐந்து மாதம். உள்ளே பாதிக்கு மேல் மருந்து!

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “போன பார்வையை எந்த ஆபரேஷனும் திருப்பித் தராது சார். மிச்சம் இருக்குறதைக் காப்பாத்தலாம்” என்றார்.

லேசர் என்று ஒன்று இருக்கிறதாம். கத்தி இல்லை, நீர் வடியும் சல்லடையைக் கொஞ்சம் சரிசெய்துவிடும். ஆனால் பலன் வருடங்கள் போகப்போகக் குறையலாம். அடுத்தது, மேல் இமைக்குள் மறைவாக, நீர் வடியப் புது வழி திறக்கும் ஆபரேஷன். அதுவும் அடைத்துக்கொண்டால், சின்ன டியூப் ஒன்றை உள்ளே வைப்பார்களாம். நோய் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்குக் குட்டிக் குட்டிக் கருவிகளும் வந்திருக்கின்றனவாம். “உங்களுக்கு ஏற்கெனவே நிறைய டேமேஜ். மருந்தும் போட மாட்டேங்கிறீங்க. புது வழி திறக்குறதுதான் நல்லது.”

“சிங்க் அடைச்சா முதல்ல குத்தி விடுவோம், சரிப்படலைன்னா வேற பைப் போடுவோம். அது மாதிரியா டாக்டர்?” என்றாள் எஸ்தர்.

“அதே மாதிரிதாம்மா.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். “என் குழம்புல உப்பு கூடன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுவீங்க. இதுல மட்டும் ஏங்க பொய்?” என்றாள்.

தினமும் சொட்டு போட்டால் தினமும் நான் நோயாளி. போடாத நாளில் பழைய வாத்தியார். இதை எப்படிச் சொல்வது? “பயமா இருந்துச்சு எஸ்தர்” என்றேன். அவள் எழுந்து எனக்கு இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச காலமாகவே அவள் என் இடது பக்கம்தான் நடக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரியாததை அவள் எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருக்கிறாள்.

ஆபரேஷன் சீக்கிரமே முடிந்துவிட்டது. பாடு எல்லாம் அதற்கப்புறம். குனியக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் கூடாது. தப்பித்தோம் என்று நினைத்த சொட்டு மருந்து... இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை! எஸ்தர் ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் டிக் அடித்தாள்.

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் தேவியக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், ஆப்ரேசன் ஆச்சாமே? இப்ப பளிச்னு தெர்தா?”

“இல்லம்மா. முன்ன மாதிரியேதான்.”

“எங்க மாமியாருக்கு மறுநாளே டிவி தெரிஞ்சுதே?”

“அவங்களுக்குப் புரை. இது வேற.”

“அப்ப இன்னாத்துக்கு சார் கத்தி வெச்சிக்கினே?”

“இருக்குற பார்வை போவாம இருக்க.”

கொஞ்சம் யோசித்தார். “அதுவும் சரிதான். நீ குனியாத, நானே நல்லதா பாத்து எடுத்துத் தரேன்” என்று சங்கரா மீனைத் தட்டில் எடுத்துப் போட்டார்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் அந்த மெஷின். இந்தத் தடவை வெளிச்சம் தெரிந்தபோது மட்டும் அமுக்கினேன். தெரியாதபோது சும்மா இருந்தேன். சும்மா இருப்பதற்கு இவ்வளவு தைரியம் வேண்டுமா என்ன?

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்த மாற்றமும் இல்ல சார். அப்படியே இருக்கு.”

எத்தனை பையன்களின் ரேங்க் கார்டில் ‘முன்னேற்றம் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதி, வீட்டில் அடி வாங்க வைத்திருப்பேன்... அதே ரிமார்க், எனக்கு. கண் கலங்கிவிட்டது. ஆபரேஷன் செய்த கண்ணும் சேர்த்துத்தான்.

திரும்பும் வழியில் எஸ்தர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி மைசூர்பாகு வாங்கினாள். அக்கம்பக்கம் எல்லோருக்கும் கொடுத்தாள்.

‘முன்னேற்றம் இல்லை’ என்பதற்கு ஸ்வீட் கொடுத்த வீடு, தாம்பரத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்.